கண்மாய்ப் படங்கள் போஸ்ட்ஜிஐஎஸ்ஸில்: விவரம் வருகிறது, பிக்சல் மதிப்பு வரவில்லை

கேள்வி (மதுரை)

வணக்கம். ஜனவரியில், மழை ஓய்ந்த பிறகு, எந்தக் கண்மாயில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று வருடவாரியாகப் பார்க்க போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் (போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் வரைபடத் தரவை வைக்க உதவும் நீட்சி) ஒரு தரவுத்தளம் செய்துகொண்டிருக்கிறேன். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி மூன்று பக்கமும் வேண்டும். ஆயக்கட்டுக்காரர்கள் மனு எழுதும்போது கையில் ஒரு கணக்கு இருக்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

படங்கள் சென்டினல்-2 செயற்கைக்கோள் எடுத்தவை. ஒரு படம் 10,980க்கு 10,980 பிக்சல். பிக்சலுக்குப் பக்கம் 10 மீட்டர். 16 பிட் என்பதால் ஒரு பேண்டே (ஒரு ஒளி அலைவரிசைக்கான அடுக்கு) சுமார் 240 எம்பி. பச்சை, அண்மை அகச்சிவப்பு என இரண்டு பேண்ட், 2019 முதல் 2024 வரை ஆறு வருடம், வருடத்துக்கு இரண்டு படம். முதலில் எல்லாவற்றையும் தரவுத்தளத்துக்குள்ளேயே ஏற்றினேன். வேலை செய்தது, ஆனால் பேக்கப் எடுக்க வட்டில் இடம் பற்றவில்லை. அதனால் அழித்துவிட்டு, படங்களை ஏற்றும் ராஸ்டர்2பிஜிஎஸ்க்யூஎல் கட்டளையில் கேப்பிடல் ஆர் போட்டு மறுபடி ஏற்றினேன். படம் வெளியே கோப்பாக இருக்கும், உள்ளே அதன் குறிப்பு மட்டும் இருக்கும் என்று படித்தேன்.

இப்போது படத்தின் விவரம் தரும் எஸ்டி_மெட்டாடேட்டா கேட்டால் அகலம், உயரம், எஸ்ஆர்ஐடி (படத்தின் ஆள்கூற்று முறைக்கான எண்) எல்லாம் சரியாக வருகிறது. பிக்சல் மதிப்பு தரும் எஸ்டி_வேல்யூ கேட்டால் மட்டும், ஆஃப்லைன் பேண்டுகளுக்கு அனுமதி இல்லை என்று பிழை. கோப்புகளை என் மடிக்கணினியில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்தால் நன்றாகத் தெரிகிறது. தரவுத்தளம் ஓடுவது வேறு ஒரு சர்வரில், போஸ்ட்ஜிஐஎஸ் 3. இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன்.

பதில் (திண்டுக்கல்)

தம்பி, பாதுகாப்புக்காக அது இயல்பாகவே மூடி வைக்கப்பட்டிருக்கும். இரண்டு அமைப்புகளைத் திறக்க வேண்டும். போஸ்ட்ஜிஐஎஸ் எனேபிள் அவுட்டிபி ராஸ்டர்ஸ் என்பதை ஆன் செய்யுங்கள். ஜிடால் (படக் கோப்புகளைப் படிக்கும் நூலகம்) எனேபிள்ட் டிரைவர்ஸ் என்பதில் ஜிடிஃப், அதாவது டிஃப் படங்களுக்கான டிரைவர், மட்டும் கொடுங்கள், எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டாம். ஆல்ட்டர் டேட்டாபேஸ் மூலம் வைத்தால் அந்த ஒரு தரவுத்தளத்துக்கு மட்டும் போகும். அப்புறம் இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி இணையுங்கள். பழைய இணைப்பில் மாற்றம் தெரியாது.

கேட்டவர்

செய்தேன் அண்ணே. பிழை மாறியது, தீரவில்லை. கோப்பைத் திறக்க முடியவில்லை என்கிறது. படங்கள் என் மடிக்கணினியில் செருகிய ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கின்றன. ஏற்றும் கட்டளையையும் மடிக்கணினியில்தான் ஓட்டினேன்.

பதில் (மேலூர்)

அங்கேதான் சிக்கல் தம்பி. எஸ்டி_பேண்ட்பாத் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் ஹார்ட் டிஸ்கின் முகவரி அப்படியே வரும். சர்வரில் அப்படி ஓர் இடமே கிடையாது.

கேப்பிடல் ஆர் போட்டால் வரிசைக்குள் போவது அளவு, மூலைப்புள்ளி, எஸ்ஆர்ஐடி, கூடவே கோப்பின் முகவரி. அவ்வளவுதான். அதனால்தான் மெட்டாடேட்டா கோப்பைத் தொடாமலேயே பதில் சொல்லிவிட்டது. பிக்சல் மதிப்பு கேட்கும் கணத்தில்தான் கோப்பு திறக்கப்படுகிறது. திறப்பது உங்கள் கணினி அல்ல, சர்வரில் ஓடும் போஸ்ட்கிரஸ். அது போஸ்ட்கிரஸ் என்ற பயனராகத்தான் போய்த் தட்டும்.

படங்களைச் சர்வருக்கு நகலெடுங்கள். உங்கள் ஹோம் அடைவுக்குள் வைக்காதீர்கள். புதிய உபுண்டுவில் மற்ற பயனர்கள் அதற்குள் நுழையவே முடியாது. வேர் அடைவின் கீழ் எஸ்ஆர்வி போன்ற இடத்தில் தனி அடைவு போட்டு, மேலிருந்து கீழ் வரை ஒவ்வோர் அடைவிலும் நுழையும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் சுடோவில் போஸ்ட்கிரஸ் பயனராக ஜிடால்இன்ஃபோ ஓட்டுங்கள். அது படத்தைத் திறந்தால் போஸ்ட்ஜிஐஎஸ்ஸும் திறக்கும்.

மறுபடி ஏற்றத் தேவையில்லை, எஸ்டி_செட்பேண்ட்பாத் கொண்டு முகவரியை மாற்றலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன்: ஏற்றும்போது சிறிய டி போட்டுத் துண்டு போட்டீர்களா?

கேட்டவர்

இல்லை அக்கா. ஒரு படம் ஒரு வரிசை.

பதில் (மேலூர்)

அப்படியானால் மறுபடியே ஏற்றுங்கள். ஒரு படம் கிட்டத்தட்ட 110 கிலோமீட்டர். அதை ஒரே வரிசையாக வைத்தால் இன்டெக்ஸுக்கு வேலையே இல்லை. எந்தக் கண்மாயைக் கேட்டாலும் அந்த ஒரே வரிசைதான் வரும். 256க்கு 256 துண்டாக்கினால் படத்துக்கு 43 பெருக்கல் 43, அதாவது 1,849 வரிசை. ஒரு துண்டு இரண்டரை கிலோமீட்டர் பக்கம். ஊர்க் கண்மாய் ஒன்றிரண்டு துண்டில் அடங்கிவிடும். டிஃப் கோப்பையும் உள்ளே 256 கட்டமாகவே எழுதி வையுங்கள், படிப்பது நன்றாக வேகமாகும். முகவரியை முழுதாகக் கொடுங்கள், கட்டளையைச் சர்வரிலேயே ஓட்டுங்கள்.

கேட்டவர்

மாடக்குளம் கண்மாய்க்கு மதிப்பு வந்துவிட்டது! மனமார்ந்த நன்றி அக்கா. உசிலம்பட்டிப் படத்தை அதே அட்டவணையில் சேர்த்தால் மட்டும் எஸ்ஆர்ஐடி கட்டுப்பாடு மீறல் என்கிறது. முந்தைய படம் 32644, இது 32643.

பதில் (திண்டுக்கல்)

அது நம் ஊரின் அமைப்பு தம்பி. யூடிஎம் (பூமியைத் தீர்க்கரேகைவாரியாக மண்டலங்களாகப் பிரிக்கும் ஆள்கூற்று முறை) 43ஆம் மண்டலமும் 44ஆம் மண்டலமும், அதாவது உங்கள் 32643உம் 32644உம், சந்திப்பது 78 டிகிரி தீர்க்கரேகையில். அந்தக் கோடு மதுரைக்கு மேற்கே ஓடுகிறது. மதுரை, மேலூர் கிழக்கே. உசிலம்பட்டி, திருமங்கலம் மேற்கே. எஸ்ஆர்டிஎம் என்ற நில உயரப் படம் எடுத்தாலும் இதே கதை. அதன் கோப்புகள் ஒரு டிகிரிக்கு ஒன்று; 10 டிகிரி அட்சரேகை 78ஐ வெட்டும் இடம் சோழவந்தான் பக்கம்தான் என்பதால் நான்கு கோப்பு இறக்க வேண்டியிருக்கும்.

மண்டலத்துக்கு ஓர் அட்டவணை வையுங்கள். கேட்கும்போது கண்மாய் எல்லையை, அதாவது பாலிகனை, படத்தின் எஸ்ஆர்ஐடிக்கு மாற்றுங்கள். படத்தை மாற்றினால் ஒவ்வொரு பிக்சலும் புதிதாகக் கணக்கிடப்படும். கரையோரம் ஒரு பிக்சல் தண்ணீரா மண்ணா என்பதுதான் உங்கள் கேள்வியே, அதில் கை வைக்க வேண்டாம்.

எல்லையோர இடம் இரண்டு மண்டலப் படங்களிலும் வரும். இரண்டு அட்டவணையையும் கூட்டினால் திருமங்கலம் பக்கத்துக் கண்மாய் இருமுறை எண்ணப்பட்டுவிடும். ஒவ்வொரு கண்மாய்க்கும் எந்த மண்டலம் என்று ஒரு பத்தியில் நீங்களே குறித்துவிடுங்கள்.

பதில் (மேலூர்)

வருட ஒப்பீட்டில் இன்னொன்று. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 மதிப்புகளில் 1000 கூட்டித் தருகிறார்கள். பழைய படங்களை மறுபடி செயலாக்கி வெளியிட்டதிலும் அது உண்டு. நீர்க் குறியீடு பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. இரண்டிலும் 1000 கூடினால் மேலே மாறாது, கீழே 2000 கூடிவிடும். ஒவ்வொரு படத்தின் விவரக் கோப்பையும் திறந்து பார்த்து, இருந்தால் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள்.

பேக்கப்பையும் மறக்காதீர்கள். பிஜி_டம்ப் எடுத்தால் இனி முகவரிகள்தான் வரும், படம் வராது.

கேட்டவர்

கழித்துப் போட்டேன். எங்கள் ஊர்க் கண்மாயில் 2023 ஜனவரிக்கு 1,240 பிக்சல், 12.4 ஹெக்டேர். அப்பாவிடம் திரையில் காட்டினேன். நீல விளிம்பில் விரல் வைத்து, அந்த வருடம் மேல மடையைத் தாண்டி இந்தப் புளியமரம் வரைக்கும் நின்றது என்றார். படங்களை இப்போது இரண்டாவது வட்டுக்கும் நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன், அதே அடைவுப் பெயர்களில்.