கலிஃபோர்னியா தீ அபாய வரைபடம்: நகர்மன்றங்கள் அப்படியே ஏற்பது சரியா?

குன்றோரம்:
2025 பிப்ரவரி, மார்ச்சில் மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயர் நகரங்களுக்குப் புதுத் தீ அபாய வரைபடங்களை அனுப்பியது. கைக்கு வந்த 30 நாளுக்குள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். 120 நாளுக்குள் நகரச் சட்டமாக்க வேண்டும். வரைபடம் ஒவ்வோர் இடத்தையும் 'மிதம்', 'அதிகம்', 'மிக அதிகம்' என்று நிறத்தால் பிரிக்கிறது. மன்றம் ஓர் இடத்தின் அபாய நிலையைக் கூட்டலாம், குறைக்க முடியாது. அப்புறம் கருத்துக் கேட்பு எதற்கு? செலவழித்துக் கூரையை மாற்றிப் புதரை வெட்டியவர் வீட்டுக்கும், ஒன்றுமே செய்யாத பக்கத்து வீட்டுக்கும் ஒரே நிறம். இதற்கு மறுபேச்சில்லாமல் கை தூக்குவது அநியாயம்.

அளவர்:
வரைபடம் வீட்டைப் பார்ப்பதில்லை, நிலத்தைப் பார்க்கிறது. சரிவு, செடிகொடி, பழைய தீ, காற்று, தீப்பொறி பறக்கும் தூரம், இவைதான் கணக்கு. அதுவும் 30 முதல் 50 ஆண்டு நோக்கில். கூரையை மாற்றினால் சரிவு மாறாது. கூட்டும் அதிகாரத்தையும் லேசாக நினைக்காதீர்கள். 2017-ல் டப்ஸ் என்ற காட்டுத்தீ 101 நெடுஞ்சாலையைத் தாண்டி சான்டா ரோசா நகரின் காஃபி பார்க் குடியிருப்பை அழித்தது. அந்தக் குடியிருப்பு 'மிக அதிகம்' மண்டலத்துக்கு வெளியே இருந்தது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஆல்டடீனாவில் எரிந்ததிலும் பெரும் பகுதி பழைய மண்டலத்துக்கு வெளியேதான். அப்படிப்பட்ட தெருக்களைச் சான்றோடு உள்ளே கொண்டுவரத்தான் கருத்துக் கேட்பு.

குன்றோரம்:
நீங்கள் சொன்ன இரண்டு ஊருமே எனக்குத்தான் சாட்சி. அங்கே தீ வீட்டிலிருந்து வீட்டுக்குத் தாவியது. புது வரைபடமும் அந்தத் தாவலைக் கணக்கிடுவதில்லை. ஆனால் காப்பீட்டுக்காரன் நிறத்தைப் பார்த்துப் புதுப்பிக்க மறுப்பான்.

அளவர்:
நிறுவனங்கள் வீடு வீடாகத் தங்கள் சொந்தக் கணக்கு மாதிரிகளைத்தான் பார்க்கின்றன. பாதுகாப்புப் பணி செய்த வீட்டுக்குக் கட்டணத் தள்ளுபடி தரவேண்டும் என்று 2022-லேயே மாநில விதி வந்துவிட்டது.

குன்றோரம்:
தள்ளுபடி தரச் சொல்லும் விதி, பாலிசி தரச் சொல்லவில்லையே. பாலிசியே இல்லாதவருக்குத் தள்ளுபடி எதில்? பக்கத்து மாநிலமான ஒரெகனைப் பாருங்கள். 2022 வரைபடத்தைத் திரும்பப் பெற்றார்கள், மறுபடி வெளியிட்டார்கள், 2025-ல் வரைபடச் சட்டத்தையே ரத்து செய்தார்கள்.

தச்சுப்பட்டறை:
இடையில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். வரைபடம் வந்ததற்காகப் பழைய வீட்டை மாற்றிக் கட்டத் தேவையில்லை. 'அதிகம்', 'மிக அதிகம்' இரண்டிலும் புதுக் கட்டடத்துக்குத் தீ தாங்கும் கூரையும் தீப்பொறி புகாத காற்றுத்துளையும் கட்டாயம். பழைய வீடுகளில் தவறு நடப்பது இந்தக் காற்றுத்துளையில்தான். கால் அங்குலக் கண்ணுள்ள வலையில் பொறி தாராளமாக நுழைந்து பரணில் பற்றும். எட்டில் ஒரு அங்குலமோ அதற்குக் குறைவாகவோ உள்ள உலோக வலை போடுங்கள். வலைமேல் பெயின்ட் அடித்தால் கண் அடைத்துப் பரணில் ஈரம் தங்கும். வீட்டைச் சுற்றி 100 அடிக்கு எரியக்கூடிய செடிகொடியைக் குறைத்து வைக்கும் பாதுகாப்பு வெளி, மாநிலச் சட்டப்படி 'மிக அதிகம்' மண்டலத்துக்கு. உங்கள் மனை எல்லையோடு அது நின்றுவிடும். வீட்டை விற்கும்போது, செடிகொடி அகற்றும் விதிகளைப் பின்பற்றியதற்குச் சான்று கேட்பது 'அதிகம்' மண்டலத்திலும் உண்டு.

அளவர்:
நகரங்கள் சறுக்குவது நாள் கணக்கில். இரண்டு கூட்டங்களில் வாசித்து நிறைவேற்றி, அதன்பின் 30 நாள் கழித்தே சட்டம் நடப்புக்கு வரும். நூறாவது நாளில் தொடங்கினால் திருத்தம் கேட்க யாருக்கும் நேரமிருக்காது. மண்டலக் கோடு ஒரு மனையை இரண்டாகப் பிளந்தால் எந்த விதி பொருந்தும் என்பதையும் சட்டத்திலேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால் அனுமதி கவுன்டரில் ஆளுக்கொரு பதில்தான். ஒரெகனில் வரைபடம் போனதும் கட்டட விதி உள்ளூர் விருப்பமாகிவிட்டது. அதையா கேட்கிறீர்கள்?

குன்றோரம்:
இல்லை. சட்டம் நிறைவேறும் அதே கூட்டத்தில், 'மிக அதிகம்' பகுதியின் பழைய வீடுகளுக்கு வலை மாற்றும் மானியத்துக்கும் வாக்கெடுங்கள். அதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்காத மன்றத்தை எதிர்த்துத்தான் பேசுவேன்.