கடைப் புத்தகம் இல்லாத வீடு: தோட்டத்துக் குடும்பங்களின் அனுபவப் பகிர்வு

முதற்பதிவு – சுங்கை சிப்புட், பேராக்

ஒருவர் சம்பளத்தில் ஆறு பேர் உண்டு, உடுத்தி, பிள்ளைகளையும் படிக்க வைத்து, யாருக்கும் கடன்படாமல் வாழ முடியுமா என்று இந்தக் குழுவில் ஓர் உறுப்பினர் கேட்டிருந்தார். முடியும் என்பதே என் பதில். ஆனால் எப்படி என்று சொல்லாமல் முடியும் என்று மட்டும் சொன்னால், அல்லல்படுகிறவர்களைக் குறை கூறுவது போலாகிவிடும். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் கணவர் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் பழக் குலை வெட்டுகிறார். எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். 2025 பிப்ரவரியில் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக (ரிங்கிட்) உயர்ந்தது. அதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, போய், சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிதிக்கும் பிடித்த பிறகு கைக்கு வருவது ஏறக்குறைய 1,500 வெள்ளி. குலை வெட்டுகிறவர்களுக்கு எடைக் கணக்கில் கூலி என்பதால், காய்ப்பு மிகுந்த செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இதைவிட நன்றாகவே கிடைக்கும். ஆண்டின் தொடக்கத்தில் காய்ப்பு குறைந்துவிடும். மழையும் சேர்ந்துகொண்டால் அடிப்படைச் சம்பளத்தோடு நின்றுவிடும். எங்கள் வீட்டுச் செலவை இந்தக் குறைந்த மாதச் சம்பளத்தை வைத்தே தீர்மானிக்கிறோம். நல்ல மாதத்தில் கூடுதலாக வருவதை அந்த மாதத்துச் சம்பளமாக நாங்கள் எண்ணுவதே இல்லை. அது வங்கிக்குப் போய், பள்ளி திறக்கும்போதும் தீபாவளிக்கும் வெளியே வரும். நல்ல மாதத்தை அளவாக வைத்துச் செலவுகளை வளர்த்துக்கொண்ட குடும்பங்கள், மெலிந்த மாதங்களில் கடைக்காரரிடம் போய் நிற்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சட்டைப் பைக்குள் அடங்கும் அந்தச் சிறு புத்தகத்தில் கடைக்காரர் நாள்தோறும் நாம் வாங்கியதை எழுதுவார். சம்பள நாளில் கூட்டிப் பார்த்துக் கொடுத்துவிட்டு, அன்றே மீண்டும் முதல் பக்கத்திலிருந்து வாங்கத் தொடங்குவோம். நான் திருமணமாகி வந்தபோது இந்த வீட்டிலும் அப்படி ஒரு புத்தகம் இருந்தது. கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். சம்பளம் தாமதமான காலங்களில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது அவரால்தான். ஆனால் புத்தகத்தில் கடன் இருக்கும் வரையில் வேறு கடையில் விலை குறைவு என்று தெரிந்தாலும் நம்மால் அங்கே போக முடியாது, ஏனெனில் கையில் இருக்கும் ரொக்கமெல்லாம் சென்ற மாதச் சாப்பாட்டுக்குப் போய்விடுகிறது. 10 கிலோ உள்நாட்டு அரிசி 26 வெள்ளி, ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் 2.50 வெள்ளி, 14 கிலோ கேஸ் தோங் (சிலிண்டர்) 26.60 வெள்ளி என்று அரசாங்கம் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் விலைகள், ரொக்கத்தோடு நாலு கடை ஏறி இறங்க முடிந்தவர்களுக்குத்தான் முழுமையாகப் பயன்படுகின்றன.

அந்தப் புத்தகத்திலிருந்து வெளியே வர ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு முன்கூட்டியே கையில் இருந்தாக வேண்டும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அதைச் சேர்க்க எங்களால் முடியவில்லை. என் மாமியார் வளர்த்து வந்த ஆடுகள்தான் கைகொடுத்தன. தீபாவளிக்கு முன்பு ஆட்டுக்கு இருக்கும் விலை மற்ற மாதங்களில் இருக்காது; ஹரிராயா ஹாஜிக்கு (பக்ரீத்) முன்பும் அப்படித்தான். அந்த நேரம் பார்த்துக் கிடாய்களை விற்று, வந்த பணத்தில் புதுத் துணிகூட எடுக்காமல், கடைப் பாக்கியை ஒரே தடவையில் அடைத்து, அடுத்த மாதச் சாமான்களை ரொக்கத்துக்கு வாங்கினோம். அதன் பிறகு அந்த மாதச் சம்பளம் அடுத்த மாதத்துக்கு உரியதாயிற்று. இன்று வரை அந்த ஒரு மாத இடைவெளியை நாங்கள் விட்டுக்கொடுத்ததில்லை.

வீட்டுத் தோட்டம் போடுவதைப் பற்றி இங்கே பலர் எழுதியிருக்கிறீர்கள். வீட்டுப் பின்புறம் முருங்கை, வாழை, மரவள்ளி, கறிவேப்பிலை, பண்டான் (ரம்பை), செராய் (எலுமிச்சைப்புல்) ஆகியவை இருக்கின்றன. வாய்க்கால் ஓரத்தில் காங்கோங் கீரை தானாகவே படர்கிறது. மிளகாய்ச் செடி எங்கள் ஊர் மழைக்கு மண்ணில் தாங்காமல் அழுகிவிடுவதால், பழைய பெயின்ட் டின்களின் அடியில் துளையிட்டு, ஆட்டுப் புழுக்கையும் மண்ணும் கலந்து நிரப்பி, கூரையின் இறவாரத்துக்கு உள்ளே வைத்திருக்கிறோம். இவற்றின் சந்தை விலையைக் கூட்டிப் பார்த்தால் பெரிய தொகை வராது. ஆயினும் ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்காகக் கடைக்குப் போகிறவர் அதை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவதில்லை. ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் இனிப்புத் தண்ணீரும் சேர்ந்தே வீட்டுக்கு வருகின்றன. கடைக்குப் போகும் தேவையைக் குறைப்பதுதான் வீட்டுத் தோட்டத்தின் முதல் வருமானம் என்று நான் கருதுகிறேன்.

இதையெல்லாம்விட முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பல வீடுகளில் சிக்கனம் என்பது தாயின் தட்டிலிருந்து எடுக்கப்படுவதாகவே இருந்திருக்கிறது. என் மாமியார் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்பைச் சோற்றால் வழித்துச் சாப்பிட்டு ஒரு தலைமுறையையே வளர்த்தவர். அவரை வணங்குகிறேன், ஆனால் அந்த வழக்கத்தை என் மகள்களுக்குக் கொடுக்க மாட்டேன். எங்கள் வீட்டில் முட்டை போதவில்லை என்றால் ஆளுக்கு ஒன்று என்று வைக்காமல், வெங்காயமும் முருங்கைக் கீரையும் சேர்த்துப் பொரித்து ஆறு பங்காக வெட்டுவோம். குலை வெட்டிவிட்டு வருகிறவரின் பங்கு சற்றுப் பெரியதாக இருக்கும், மற்ற ஐந்தும் ஒரே அளவு. ஒருவரைப் பட்டினி போட்டு மிச்சம் பிடிக்கும் பணத்தைச் சேமிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுமொழி – கூலிம், கெடா

சகோதரி, உங்கள் பதிவைப் படித்ததும் என் தந்தையாரின் நினைவு வந்தது. அவர் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தம் நிரைக்கு (மர வரிசைக்கு) போய், ரப்பர் பாலை ஒப்படைத்து வீடு திரும்பியதும், குளித்துச் சாப்பிட்டுவிட்டு மாடுகளுக்குப் புல் அறுக்கப் போய்விடுவார். மாட்டுப் பாலைப் போத்தல்களில் ஊற்றிச் சைக்கிளில் பட்டணத்துக்குக் கொண்டுபோவது என் அண்ணனின் வேலை. மரம் வெட்டும் சம்பளம் சோற்றுக்கு, மாட்டுப் பால் காசு படிப்புக்கு என்று அவர் இரண்டையும் ஒருபோதும் கலந்ததில்லை. பின்னாளில் பல தோட்டங்கள் பால்மரத்தை அழித்துச் செம்பனைக்கு மாறியபோது, இளங்கன்றுகளை மாடுகள் தின்றுவிடும் என்று மேய்ச்சலுக்குத் தடை வந்தது. எங்களைப் போன்ற எத்தனையோ குடும்பங்களின் இரண்டாவது வருமானம் அத்தோடு நின்றுபோனது.

அவர் செய்த இரண்டு காரியங்களை இளையவர்களுக்காகப் பதிவு செய்கிறேன். வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, வேலையும் வீடும் ஒருசேரப் பறிபோய்க்கொண்டிருந்த காலத்தில், அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டித் தொழிலாளர்களே தோட்டங்களை வாங்கலாம் என்று அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். அன்றையக் கூலியில் பத்து வெள்ளி என்பது சிறிய தொகை அன்று. என் தந்தையார் சுருட்டை நிறுத்திவிட்டுப் பங்குப் பணத்தைக் கட்டினார். தோட்டத் தொழிலாளி ஒருவன் தானும் ஒரு நிலத்தில் பங்குதாரன் என்று சொல்லிக்கொள்ள முடிந்ததே, அதில் அவர் அடைந்த பெருமிதத்தை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, வீடு. தோட்ட நிர்வாகம் தரும் லயத்து வீடு வேலை உள்ளவரைக்கும்தான் நமக்கு உரியது. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். வாழ்நாள் முழுவதும் சிக்கனமாக இருந்து, கடைசியில் சேமநிதிப் பணத்தையெல்லாம் வாடகைக்கும் வைத்தியத்துக்கும் கரைத்தவர்கள் எங்கள் தோட்டத்தில் பலர். மலிவு விலை வீடுகள் 25,000 வெள்ளிக்குக் கிடைத்த காலத்தில், நண்பர்கள் கேலி செய்ததையும் பொருட்படுத்தாமல், என் தந்தையார் வேலையில் இருக்கும்போதே ஒரு வீட்டுக்கு விண்ணப்பித்து, முன்பணத்துக்குச் சேமநிதியிலிருந்து எடுத்தார். இப்போதும் வீடு வாங்குவதற்குச் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க வழியுண்டு. 2024 மே மாதத்திலிருந்து அதற்கான கணக்கு செஜாதெரா கணக்கு என்ற பெயரில் இருக்கிறது. அதே சமயத்தில் தொடங்கப்பட்ட பிளெக்சிபெல் கணக்கில் சேரும் பத்து விழுக்காட்டை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால், நம் இளைஞர்கள் பலர் அதை மாதாமாதம் வழித்து எடுத்துக் கைப்பேசிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் செலவழிப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. சகோதரி, உங்கள் கணவரின் கணக்கில் அந்தப் பணம் தொடப்படாமல் இருக்கட்டும்.

மறுமொழி – தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கோலசிலாங்கூர் வட்டாரம்

ஐயா சொன்ன வீட்டு விஷயம் முற்றிலும் உண்மை. நான் சந்தித்த ஒரு தாயைப் பற்றி எழுத விரும்புகிறேன். கணவரை இழந்தவர், பகலில் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு, இரவில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர். தம் பிள்ளைகளின் சட்டைகளை அவர் தைக்கும் விதத்தை ஒருநாள் அருகிலிருந்து பார்த்தேன். காற்சட்டை, பாவாடை ஆகியவற்றின் அடியில் மூன்று விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்து விடுகிறார்; ஆண்டுதோறும் ஒரு விரல் அளவு பிரித்துவிடுவதற்காக. பழைய மடிப்புக் கோடு வெளியே தெரியாதிருக்க, அதன்மேல் அதே நிற நூலால் நெருக்கமாக ஒரு தையல் ஓடுகிறது. மூத்தவனின் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்டு வருகிறான் என்பது வகுப்பாசிரியையான எனக்கே வெகுநாள் தெரியவில்லை.

அவருக்கு இருந்த ஒரே கடன், கணவரின் மருத்துவச் செலவுக்காகக் கூட்டு (சீட்டு) பணத்தை முன்கூட்டியே எடுத்ததால் வந்தது. கூட்டு நடத்தியவர் பாதியில் ஊரைவிட்டே போய்விட்டதால், கட்டியவர்கள் இவரிடம் வந்து நின்றார்கள். கூட்டு நடத்துவது 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்நாட்டில் தடை செய்யப்பட்டது என்பதும், அதனால் ஏமாந்தவர்கள் சட்டத்தின் துணையை எளிதில் நாட முடிவதில்லை என்பதும் நம் பெண்களில் பலருக்குத் தெரிவதில்லை. அவர் வட்டி முதலைகளிடம் போகாமல், தாலிக்கொடியை உரிமம் பெற்ற அடகுக் கடையில் வைத்து அந்தக் கடனை அடைத்தார். அடகுக் கடையில் மாத வட்டி இரண்டு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, மீட்க ஆறு மாதத் தவணை உண்டு என்ற சட்டம் இருப்பதால், என்ன தொகை கட்ட வேண்டும் என்று அவரால் முன்கூட்டியே கணக்கிட முடிந்தது. தைத்த காசில் அதை மீட்டும் விட்டார்.

அக்கா, உங்களிடம் ஒரு கேள்வி. வீட்டின் வரவு செலவைப் பிள்ளைகளிடம் எந்த வயதில் சொல்லலாம்? சில பிள்ளைகள் வீட்டு நிலைமை தெரிந்துவிட்டதால் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கவே தயங்குகிறார்கள். காரணம் கேட்டால் தலை சுற்றும், பேருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஏதோ சொல்கிறார்கள்.

மறுமொழி – சுங்கை சிப்புட், பேராக்

ஆசிரியை கேட்டது என் மனத்தைத் தொட்டது. ஐயா அவர்களே, பிளெக்சிபெல் கணக்கை நாங்கள் தொடவில்லை. சொந்த வீட்டுக்காக இப்போதுதான் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறோம்.

எங்கள் பிள்ளைகள் நான்காம் ஆண்டிலிருந்தே மின்கட்டண ரசீதை வாசித்துக் காட்டுவார்கள். மூத்தவள் இப்போது இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தில் படிக்கிறாள். மாதச் சாமான் பட்டியலை எழுதுவதும், வாங்கி வந்தபின் விலையை எதிரே குறிப்பதும் அவள் பொறுப்பு. அப்பாவுக்கு இந்த மாதம் எத்தனை டன் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்த பிள்ளை பயப்படுவதைவிட, ஒன்றும் தெரியாமல் பெற்றோரின் முகத்தைப் பார்த்து ஊகிக்கும் பிள்ளைதான் அதிகம் பயப்படுகிறது என்பது என் அனுபவம்.

ஆனால் நீங்கள் சொன்ன தயக்கம் எங்கள் இரண்டாவது மகனுக்கும் வந்தது. நூலகப் பயணத்துக்கான படிவத்தை அவன் பைக்குள்ளேயே மடித்து வைத்திருந்தான். அதன் பிறகு கணக்கு நோட்டில் 'பள்ளி' என்று தனிப் பக்கம் ஒதுக்கி, நல்ல மாதங்களில் வரும் கூடுதலில் ஒரு பகுதியை அதற்கென்றே எழுதி வைக்கிறோம். சுற்றுலா, போட்டிக் கட்டணம், விளையாட்டுக் காலணி எல்லாம் அந்தப் பக்கத்தில் அடங்கும். அரிசிக்குக் குறைந்தாலும் அதிலிருந்து எடுப்பதில்லை என்று கணவரும் நானும் பிள்ளைகள் முன்னிலையில் பேசி முடிவு செய்தோம். பக்கத்தின் அடியில் எவ்வளவு மிச்சம் என்பதை அவர்களே கூட்டி எழுதுகிறார்கள். அடுத்த படிவம் வந்தபோது அவன் அதை என்னிடம் நீட்டுவதற்கு முன்பே நோட்டைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்தான்.