விற்கப் போகும் பிரிவின் நட்டம்: சேர்ப்பதா, விடுவதா?

புது_முதலீடு:
ஒரு நிறுவனம் நட்டத்தில் ஓடும் பிரிவை விற்கப் போகிறது. காலாண்டு அறிக்கையில் அது ‘டிஸ்கன்டினியூட் ஆபரேஷன்ஸ்’ (தொடராத வணிகம்) என்று அடியில் ஒரே வரியாகிவிட்டது. மேலே மார்ஜின் (விற்பனையில் லாப விகிதம்) திடீரென்று அழகாகத் தெரிகிறது. பி/இ (பங்கு விலை லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்ற கணக்கு) போட எந்த லாபத்தை எடுப்பது? அடி வரியை மறந்துவிடலாமா?

அடிக்குறிப்பு_வாசகன்:
பி/இ தொடரும் வணிகத்தின் லாபத்துக்குத்தான். அந்தப் பிரிவுக்குத் தனி மதிப்பு: அரசுக்குக் கட்டும் வரி போகக் கைக்கு வரும் விற்பனைத் தொகை, அதிலிருந்து ஒப்படைக்கும் நாள்வரை அது தின்னும் பணத்தைக் கழியுங்கள்.

திரும்ப வராத நட்டம் என்று சந்தை அந்த அடி வரியைப் பெரிதாக மதிப்பதில்லை. அதனாலேயே வழக்கமான செலவையும் சத்தமில்லாமல் அங்கே இறக்கிவிடும் ஆசை நிர்வாகத்துக்கு வருகிறது.

சோதிக்க, போன ஆண்டு அறிக்கையையும் இந்த ஆண்டு திருத்திக் காட்டிய போன ஆண்டு எண்களையும் பக்கத்தில் வையுங்கள். அன்று மொத்த விற்பனை 1,000, செலவு 900. பிரிவுக் குறிப்பில் அந்தப் பிரிவுக்கு விற்பனை 200, செலவு 210. அப்படியானால் மிச்ச வணிகத்துக்கு விற்பனை 800, செலவு 690, லாபம் 110. திருத்திய கணக்கில் லாபம் 125 என்றிருந்தால், கூடுதலாக 15 செலவு அந்த அடி வரிக்குப் போயிருக்கிறது. லாபத்துக்கு 12 மடங்கு விலை கொடுக்கும் சந்தையில் அது 180, அரசு வரியைக் கணக்கில் எடுக்காமலே.

நிகரமதிப்பு:
உடனே திருட்டு என்று சொல்லிவிட முடியாது. பிரிவுகள் ஒன்றுக்கொன்று செய்த விற்பனையை எந்தப் பக்கம் கழித்தார்கள் என்பதாலும் வித்தியாசம் வரும். அப்போது விற்பனையும் சரியாக 800 வராது. விற்பனை 800ஆகவே நின்று செலவு மட்டும் குறைந்தால் கேள்வி கேளுங்கள். தேய்மானத்தைச் சாக்குச் சொன்னால் ஏற்காதீர்கள்: விற்பனைக்கென வகைப்படுத்திய நாளிலிருந்துதான் அது நிற்கும், போன ஆண்டு எண்ணைத் தொடாது.

தலைமையகப் பொதுச் செலவை அந்த அடி வரிக்குத் தள்ள அமெரிக்க விதி அனுமதிப்பதில்லை. பிரிவு போனாலும் அந்தச் செலவு போகாது.

புது_முதலீடு:
ஸ்கிரீனர் தளத்தில் (நிறுவன எண்களைத் தொகுத்துக் காட்டும் இணையதளம்) ஐந்தாண்டு விற்பனை சரிந்ததாகக் காட்டுகிறதே?

அடிக்குறிப்பு_வாசகன்:
அறிக்கையில் ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் காட்டும் முந்தைய ஆண்டுகளைத்தான் திருத்துவார்கள். அதற்கு முந்தையவற்றில் பழைய பிரிவு கலந்தே கிடக்கும். பேலன்ஸ் ஷீட்டின் போன ஆண்டு நெடுவரிசை ஐஎஃப்ஆர்எஸ் 5 என்ற சர்வதேசக் கணக்கு விதியின்படி திருத்தப்படாது. சரக்கு, வரவேண்டிய பாக்கி விகிதங்கள் அந்த ஆண்டு உதவாது.

கேஷ் ஃப்ளோ (பணவரவு அறிக்கை) இன்னொரு பொறி. மேலே தெரியும் இயக்கப் பணவரவில் இரண்டு வணிகமும் சேர்ந்திருக்கலாம். பிரித்த தொகை பெரும்பாலும் குறிப்பில்தான் கிடைக்கும், தேடி எடுத்துக் கழியுங்கள்.

நிகரமதிப்பு:
ஒன்று விட்டுப்போச்சு. விற்காமல் இழுத்து மூடும் பிரிவு, உண்மையில் மூடிய பிறகுதான் அந்த அடி வரிக்கு வரும். அதுவரை நட்டம் மேலேயே நிற்கும். அமெரிக்காவில் 2014 திருத்தத்துக்குப் பிறகு, நிறுவனத்தின் போக்கையே மாற்றும் விற்பனைக்குத்தான் தனி வரி. சின்னப் பிரிவை விற்ற லாபம் தொடரும் லாபத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், அதை நீங்களேதான் எடுக்க வேண்டும்.