பழைய நகை சேகரிப்பு: வரலாற்றைக் காப்பதா, கதையை வாங்குவதா?

நகைப்பேழை:
பழைய நகை வாங்குகிறவர்கள் உண்மையில் விற்பவர் சொல்லும் கதைக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள் என்று உரைகல் எழுதியிருந்தார். அதை நான் மறுக்கிறேன். என்னிடம் 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செய்த துக்க மோதிரம் ஒன்று இருக்கிறது. வெள்ளை எனாமலுக்கு நடுவே ஒரு பெண்ணின் பெயரும், இறந்த நாளும், 19 என்ற வயதும் பொன்னெழுத்தில் தெரிகின்றன. இறந்தவரின் நினைவாக உறவினருக்கும் நண்பருக்கும் மோதிரம் கொடுப்பது அன்றைய வழக்கம்; மணமாகாமல் இறந்தவருக்கு வெள்ளையும் மற்றவருக்குக் கருப்பும் பூசுவது பெரும்பான்மை. அந்த மோதிரத்தில் எழுத்தோரங்களில் எனாமல் உதிர்ந்திருக்கிறது. உள்ளங்கைப் பக்கம் படும் பகுதி பொன் தகடாய் மெலிந்திருக்கிறது. துக்கக் காலம் முடிந்ததும் கழற்றி வைத்த மோதிரம் அவ்வளவு தேயாது. யாரோ ஒருவர் அதைப் பல ஆண்டுகள் விரலிலேயே வைத்திருந்திருக்கிறார். இதை எந்த விற்பனையாளரும் எனக்குச் சொல்லவில்லை.

உரைகல்:
தேய்மானத்தை நானும் மறுக்கவில்லை. ஆனால் அணிந்தவர் அந்தப் பெண்ணின் தாயா, அல்லது அவள் யாரென்றே அறியாமல் நூறு ஆண்டு கழித்து அழகுக்காக வாங்கிய வேறொருவரா என்பதை அது சொல்லாது. மனத்தை உருக்குவது தாய் என்பதால் சேகரிப்பவர்கள் தாயைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.

மனிதத் தலைமுடியைப் பின்னியும் பதித்தும் செய்த 19-ஆம் நூற்றாண்டின் முடி நகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கொடுத்த முடியை வைத்துக்கொண்டு, பின்னுவதற்கு வாகான வேறு முடியைக் கைவினைஞர்கள் பதித்துவிடுகிறார்கள் என்ற ஐயம் அந்தக் காலத்திலேயே இருந்தது. அதனால்தான் கொடுத்த முடியையே பயன்படுத்துவோம் என்று சிலர் உறுதி கூறி விளம்பரம் செய்தார்கள். 1861 டிசம்பரில் கணவர் இளவரசர் ஆல்பர்ட் இறந்து, பிரிட்டனின் விக்டோரியா அரசி வாழ்நாள் முழுதும் கருப்பு உடுத்தத் தொடங்கிய பிறகு, துக்க நகை பெரிய வணிகமாகவே வளர்ந்தது. ஜெட் என்னும் கருநிறப் பொருளைச் செதுக்கி நகையாக்கும் இங்கிலாந்தின் விட்பி ஊர்ப் பட்டறைகள் செழித்தன. ஜெட்டுக்கு மாற்றாக, கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பரான வல்கனைட்டும் கருங்கண்ணாடியும் கடைக்கு வந்தன. அச்சில் வார்த்துக் குவித்த ஒரு புரூச்சில் (உடையில் குத்தும் அணி) யாருடைய துயரத்தைத் தேடுவீர்கள்?

நகைப்பேழை:
நீங்கள் ஒதுக்கும் அந்த வல்கனைட் புரூச்சைத்தான் நான் ஆசையோடு தேடுகிறேன். ஜெட் பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரம் புதைந்து இறுகியது. கருமை மாறாது, கையில் எடுத்தால் கண்ணாடியைப் போலச் சில்லிடாது. வல்கனைட் வெளிச்சம் பட்டுப் பட்டு நாளடைவில் பழுப்பேறிவிடும். அப்படிப் பழுப்பேறிய ஒரு புரூச், ஜெட் வாங்க வசதியில்லாதவர்களும் ஊரறியத் துக்கம் காக்க வேண்டியிருந்தது என்பதற்குச் சான்று. அந்த வரலாற்றுக்குத் தனி ஒருவரின் பெயர் தேவையில்லை.

1813-இல் நெப்போலியனை எதிர்த்த போருக்காகப் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் பெண்கள் பொன் நகைகளைக் கொடுத்துவிட்டு இரும்பு நகைகளை வாங்கி அணிந்தார்கள். 'பொன்னைக் கொடுத்தேன் இரும்புக்காக' என்ற வாசகம் பொறித்த இரும்பு மோதிரங்களும் உண்டு. உலோக மதிப்பு என்று பார்த்தால் அவற்றுக்கு ஒன்றுமே தேறாது. பொன் நகைக்கோ எதிர்மாறான ஆபத்து: விலை ஏறும்போதெல்லாம் அது உருக்கும் உலைக்குப் போகிறது. பிரிட்டனில் 15 காரட் முத்திரை 1854 முதல் 1932 வரை மட்டுமே வழக்கில் இருந்தது; அந்த முத்திரை உள்ள நகை ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் ஆவணம். எடைக்கு வாங்குகிறவருக்கோ அது எட்டில் ஐந்து பங்கு பொன், அவ்வளவே. சேகரிப்பவர் கூடுதல் விலை கொடுக்க முன்வராவிட்டால் அந்த ஆவணத்தை யார் காப்பாற்றுவார்கள்?

ஏட்டுச்சுவடி:
இருவரும் பொருளின் உண்மைத்தன்மையைப் பற்றியே பேசுகிறீர்கள். அது யார் கையிலிருந்து எப்படிப் பிரிந்தது என்று யாரும் கேட்கவில்லையே. 1874-இல் பிரிட்டிஷ் படை, இன்றைய கானாவில் இருந்த அசாந்தே அரசின் தலைநகரான குமாசியின் அரண்மனையைச் சூறையாடி எடுத்துச் சென்ற அசாந்தே பொன்னணிகளில் சில, பிரிட்டிஷ் அருங்காட்சியகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகியவற்றிலிருந்து 2024-இல்தான் கானாவுக்குப் போயின, அதுவும் கடனாக. அருங்காட்சியகத்துக்கு வந்தவற்றுக்காவது பதிவேடு இருக்கிறது. தனியார் சந்தையில் கைமாறிய நகைக்கு அதுவும் இருப்பதில்லை. வன்முறையால் பறித்ததைப் 'பாரம்பரியம் மிக்கது' என்று அட்டையில் எழுதி விற்கும்போது, வாங்குகிறவர் மனித வரலாற்றைக் காக்கவில்லை, அதை அழிப்பதற்குத் துணை போகிறார்.

நகைப்பேழை:
இதை ஏற்றுக்கொள்கிறேன். எந்த வழியாக வந்தது என்று சொல்ல மறுக்கும் விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை. போர், படையெடுப்பு, இனப்படுகொலை ஆகியவற்றின் நிழல் விழுந்த இடத்திலிருந்தும் காலத்திலிருந்தும் வரும் பொருள், உரிய தாள்கள் இல்லாவிட்டால் எவ்வளவு அரியதானாலும் எனக்கு வேண்டாம்.

உரைகல்:
ஏட்டுச்சுவடியின் கேள்வி என்னுடையதைவிட ஆழமானது. ஆனாலும் என் எதிர்ப்பு அப்படியே நிற்கிறது. விற்பவர் சொன்னது, பொருளில் கண்ணால் கண்டது, ஆவணத்தில் சரிபார்த்தது ஆகிய மூன்றையும் தனித்தனியே குறித்து வைக்கும் சேகரிப்பாளர்கள் மிகக் குறைவு. அடுத்தவருக்குக் கைமாறும்போது ஊகம் உறுதியாகிவிடுகிறது. 'தாயாக இருக்கலாம்' என்பது 'தாய் அணிந்தது' என்றாகிவிடுகிறது.

நகைப்பேழை:
குறிப்பு எழுதுவதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். என் ஒவ்வொரு நகையோடும் அப்படியொரு தாள் இருக்கிறது. அந்த மோதிரத்தின் தாளில் அணிந்தவர் யார் என்ற இடம் வெற்றாகவே விடப்பட்டிருக்கிறது. அளவு மாற்றுவதற்காக வளையத்தை வெட்டுவதும், லாக்கெட்டிலிருந்து பழைய முடியை எடுத்தெறிந்துவிட்டுப் புதுப்படம் வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தேய்ந்த பகுதியைப் பார்த்து 'யாராக இருக்கும்' என்று கேட்கவே கூடாது என்றால் அதை ஏற்க மாட்டேன். அந்தக் கேள்வி எழுந்ததால்தான் அப்பெண்ணின் பெயரையும் நாளையும் தேவாலய அடக்கப் பதிவேடுகளில் தேடத் தொடங்கினேன்.

ஏட்டுச்சுவடி:
அடக்கப் பதிவேட்டோடு உயில்களையும் பாருங்கள். மோதிரம் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதிய உயில்கள் அக்காலத்தில் நிறைய உண்டு. மணமாகாத இளம்பெண் தானே உயில் எழுதியிருக்க வாய்ப்பு குறைவு. ஆகவே அவளுடைய பெற்றோர், பாட்டி ஆகியோரின் உயில்களிலிருந்து தொடங்குவது நல்லது.