ரிங் ஃபிட் அட்வெஞ்சர் மட்டும் விளையாடினால் போதுமா, ஜிம்மும் வேண்டுமா?

மேல்மாடி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை, இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, கொஞ்ச காலமாக இடுப்புக்கு மேலே முதுகும் பிடித்துக்கொள்கிறது. ஜிம் எனக்கு ஒத்துவரவில்லை, அத்தனை பேர் நடுவில் பயிற்சி செய்ய மனசு வரவில்லை. அதனால் நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவியில் ரிங் ஃபிட் அட்வெஞ்சர் என்ற உடற்பயிற்சி விளையாட்டை ஆரம்பித்திருக்கிறேன். ரொம்பவே பிடித்திருக்கிறது. கையில் பிடிக்கிற வளையத்தை அழுத்தித் திரையில் வரும் எதிரியை அடிக்கும்போது பயிற்சி செய்கிறோம் என்ற நினைப்பே வருவதில்லை, அடுத்த உலகத்தில் என்ன இருக்கிறதோ என்ற ஆசையிலேயே மறுநாளும் பாயை விரித்துவிடுகிறேன்.

ஆனால் சில விஷயங்கள் புரியவில்லை. நன்றாக வேர்க்கிறது, மறுநாள் தொடை வலிக்கிறது, எடை மட்டும் அசையவே இல்லை, சில நாள் கூடக் காட்டுகிறது. வயிறு குறைய வேண்டும் என்று வயிற்றுக்கான பயிற்சிகளையே தேர்ந்தெடுத்துச் செய்கிறேன், அது சரிதானா? இன்னொன்று, கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்று சைலண்ட் மோடில்தான் ஓடுகிறேன், அதில் முட்டி லேசாக வலிக்கிறது. இந்த விளையாட்டை மட்டும் நம்பி உடம்பைச் சரிசெய்ய முடியுமா, அல்லது கடைசியில் ஜிம்முக்குத்தான் போக வேண்டியிருக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வளையக்காரன் பதில்:

முடியும் நண்பரே, ஆனால் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: விளையாட்டு உங்களைப் பாய்க்கு வரவழைக்கும், பாயில் என்ன நடக்கிறது என்பது கஷ்ட அளவைப் பொறுத்தது. இதில் அந்த அளவு 30 வரை போகும். பலர் ஆரம்பத்தில் விளையாட்டே போட்டுத் தந்த அளவிலேயே மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள், எதிரிகள் சாகிறார்கள், கதை நகர்கிறது, உடம்பு மட்டும் பழகிப்போய் அப்படியே நின்றுவிடுகிறது. ஒரு ஸ்க்வாட் (உட்கார்ந்து எழுகிற பயிற்சி) சுற்றை முடிக்கும்போது கடைசி நான்கைந்து முறை நிஜமாகவே கஷ்டப்பட்டுச் செய்ய வேண்டும். மொத்தமும் பேசிக்கொண்டே முடிக்க முடிகிறது என்றால் அளவை ஒன்று ஏற்றுங்கள். ஒன்று போதும், ஒரேயடியாக ஐந்து ஏற்றினால் மறுநாள் படிக்கட்டில் இறங்க முடியாது.

ஓடும்போது எவ்வளவு வேகம் என்று கேட்டால் எளிமையான சோதனை ஒன்று இருக்கிறது. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான பயிற்சி. இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச மூச்சு போதவில்லை என்றால் கடுமையானது. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு, வாரத்துக்கு மிதமான அளவில் 150 முதல் 300 நிமிடம், அல்லது கடுமையான அளவில் 75 முதல் 150 நிமிடம், அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. ரிங் ஃபிட்டில் இந்த இரண்டுமே வருகிறது, அதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். வழி நெடுக ஓட்டம், நடுநடுவே சண்டையில் ஸ்க்வாட், பிளாங்க் (உடம்பைப் பலகை மாதிரி நேராகப் பிடிப்பது), கை அழுத்தம் எல்லாம்.

வயிறு பற்றி: வயிற்றுப் பயிற்சி வயிற்றுத் தசையை வலுவாக்கும், அதன் மேலே இருக்கும் கொழுப்பை அந்த இடத்தில் மட்டும் கரைக்காது. கொழுப்பு உடம்பு முழுக்கச் சேர்ந்துதான் குறையும், எங்கே முதலில் குறையும் என்பது நம் கையில் இல்லை. அதனால் கால், முதுகு மாதிரிப் பெரிய தசைகளுக்கு வேலை கொடுங்கள். சிவப்பு கைக்கு, நீலம் காலுக்கு, மஞ்சள் வயிற்றுக்கு, பச்சை யோகாவுக்கு என்று விளையாட்டே நிறம் பிரித்துக் கொடுத்திருக்கிறது, எதிரியின் நிறத்துக்கு ஏற்ற பயிற்சியைத் தேர்ந்தெடுத்தால் அடி பலமாக விழும். அந்த ஏற்பாட்டுக்குக் கட்டுப்பட்டாலே எல்லாத் தசைக்கும் வேலை வந்துவிடும். எல்லாவற்றையும் மஞ்சளாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

முட்டிமேல்கவனம் பதில்:

நான் பிசியோதெரபி துறையில் இருக்கிறேன், முட்டி விஷயத்தை மட்டும் சொல்கிறேன். சைலண்ட் மோடில் ஓட்டத்துக்குப் பதிலாக முட்டியை லேசாக மடக்கி மடக்கி நிமிர வேண்டும். சத்தம் வராது, சரி. ஆனால் முழுப் பாதையும் அரை ஸ்க்வாட்டிலேயே போகிறது, தொடை முன்பக்கத் தசை சோர்ந்ததும் சுமை முட்டிச் சிப்பி மேல் ஏறுகிறது. பழக்கமில்லாத முட்டி வலிப்பதில் ஆச்சரியம் இல்லை. தடிமனான பாய் ஒன்று போட்டு, குதிக்காமல், பாதத்தை மெதுவாகத் தூக்கி வைத்து சாதாரண மோடில் நடக்கிற மாதிரிச் செய்து பாருங்கள், அதில் பெரிய சத்தம் வராது. அமைப்புகளில் முட்டி, முதுகு, தோள் இவற்றுக்குத் தனித்தனியாக உதவி முறை இருக்கிறது, கொஞ்ச நாள் முட்டிக்கு அதைப் போட்டுக்கொள்வதில் தப்பே இல்லை.

அப்புறம் முக்கியமானது: இந்த விளையாட்டுக்கு உங்கள் உடம்பு முழுசாகத் தெரியாது. இடது தொடையில் கட்டிய பட்டையில் ஒரு ஜாய்-கான் (ஸ்விட்சின் சின்னக் கண்ட்ரோலர்), வளையத்தில் இன்னொன்று, அவ்வளவுதான். தொடை எந்தக் கோணத்தில் இருக்கிறது, வளையம் எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பது அதற்குத் தெரியும். முதுகு கூன் போட்டிருக்கிறதா, முட்டி உள்ளே சாய்கிறதா, குதிகால் தரையை விட்டு எழும்புகிறதா என்பது தெரியாது. தப்பான ஸ்க்வாட்டுக்கும் ‘கிரேட்’ என்று பாராட்டும். அதனால் பக்கவாட்டில் ஒரு கண்ணாடி வையுங்கள், அல்லது போனில் ஒருமுறை வீடியோ எடுத்துப் பாருங்கள். முட்டி கால்விரல்கள் நோக்கும் திசையிலேயே போகட்டும், இடுப்பை முதலில் பின்னால் தள்ளுங்கள், நாற்காலியில் உட்காரப் போகிற மாதிரி. பிளாங்கில் மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு அது கூடவே கூடாது.

தொடை வலி இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய் அப்புறம் தானாகக் குறையும், அதற்குப் பயப்பட வேண்டாம். மூட்டுக்குள் குத்துகிற வலி, வீக்கம், காலில் மரத்துப்போகிற உணர்வு, நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் இதில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். முதுகுப் பிடிப்பு காலுக்குள் இறங்கினாலும் அப்படித்தான்.

பழைய_பலகை பதில்:

எடை விஷயம் கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். நான் வீ ஃபிட் காலத்து ஆள், நிண்டெண்டோவின் பழைய வீ கருவிக்கு வந்த உடற்பயிற்சி விளையாட்டு அது. 2007 கடைசியில் ஜப்பானில் அது வந்தது, ஏறி நிற்க ஒரு பேலன்ஸ் போர்டு உண்டு. ஏறியதும் எடை, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு), உடல் மையம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எல்லாம் சொல்லும். சமநிலைக்கு அது உண்மையிலேயே நல்ல கருவி. ஆனால் தினமும் எடை பார்க்கிற பழக்கத்தை அது என்னிடம் ஒட்டவைத்துவிட்டது, அது மனசுக்கு நல்லதில்லை என்று உறுதியாகச் சொல்வேன். உடம்பில் தண்ணீர் கூடிக் குறைவதால் மட்டுமே எடை நாளுக்கு நாள் ஒரு கிலோ முன்பின் ஆகும். புதிதாகப் பயிற்சி தொடங்கியவர்களின் தசை வலியோடு சேர்ந்து கொஞ்சம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும், நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அதுவாக இருக்கலாம். வாரம் ஒருமுறை, ஒரே நாள், ஒரே நேரம், காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். கூடவே இடுப்பளவை ஒரு நாடாவில் அளந்து எழுதிவையுங்கள்.

இன்னும் ஒன்று, திரையில் காட்டுகிற கலோரிக் கணக்கை நம்பிக் கூடுதலாகச் சாப்பிட வேண்டாம். அது மதிப்பீடுதான். எடை குறைய வேண்டும் என்றால் தட்டில்தான் பாதிக்கு மேல் வேலை இருக்கிறது, எந்த விளையாட்டும் அதைச் செய்துதராது.

இரும்புப்பிடி பதில்:

மேலே சொன்னதில் எனக்கு ஒரு இடத்தில் மட்டும் உடன்பாடு இல்லை, தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் இதிலேயே வந்துவிடும் என்று வளையக்காரன் சொன்னது. தசைக்கு வலு கூட வேண்டும் என்றால் சுமை கூடிக்கொண்டே போக வேண்டும். இங்கே கஷ்ட அளவை ஏற்றினால் பெரும்பாலும் எண்ணிக்கைதான் ஏறுகிறது, வளையத்தின் எதிர்ப்பு அப்படியேதான் இருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் அது தாங்குதிறன் பயிற்சியாகிவிடும். இழுக்கிற பயிற்சிகள் இன்னும் குறைவு. வளையத்தை வெளிப்பக்கம் இழுக்கிற பயிற்சிகள் இருக்கின்றன, ஆனால் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருக்கும் முதுகுக்கு அந்த எதிர்ப்பு போதாது. முதுகு பிடிக்கிறது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

அதற்காக ஜிம்முக்குப் போ என்று சொல்லவில்லை. ரப்பர் எதிர்ப்புப் பட்டை ஒன்று போதும். கதவில் மாட்டி, தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்து, முழங்கையை இழுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள், விளையாட்டு முடிந்த கையோடு. அது சுலபமானதும் தடிமனான பட்டைக்கு மாறுங்கள்.

மேல்மாடி மறுபடி:

இவ்வளவு விரிவாக யாரும் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. நேற்றே சைலண்ட் மோடை எடுத்துவிட்டுப் பாயில் மெதுவாகச் செய்தேன், முட்டி வலி இல்லை, கீழ்வீட்டில் கேட்டேன், அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். ஒரு சந்தேகம் மட்டும் மீதி. விளையாடி முடித்ததும் அது காட்டுகிற நேரம் ரொம்பக் குறைவாக இருக்கிறது, நான் நின்றதோ அதைவிட எவ்வளவோ அதிகம். 150 நிமிடத்துக்கு எதைக் கணக்கில் எடுப்பது? அப்புறம் பீட் சேபர் (பாட்டுக்கு ஏற்பக் கட்டைகளை வாளால் வெட்டுவது) மாதிரி, கண்ணில் ஹெட்செட் மாட்டி ஆடுகிற விஆர் விளையாட்டும் இதில் சேருமா? நண்பரிடம் ஹெட்செட் இருக்கிறது.

வளையக்காரன் பதில்:

திரை காட்டுகிற நேரத்தையே எடுங்கள். நீங்கள் அசைகிற நேரத்தை மட்டும்தான் அது எண்ணுகிறது, விளையாட்டுக்குள் கடையில் உடை வாங்குவது, கதை பேசுவது, மெனுவில் தேடுவது எல்லாம் கழிந்துவிடும். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். முதலில் 15 நிமிடம் வந்தாலே நல்ல நாள், மெல்ல ஏற்றலாம். வார்ம்-அப், கூல்-டவுன் ஸ்ட்ரெச்சைத் தாண்டிவிடாதீர்கள்.

பீட் சேபர் கடினமான பாட்டில் நன்றாக மூச்சு வாங்கவைக்கும், இதயத்துக்கு நல்லது. ஆனால் பெரும்பாலும் கைதான் ஓடும், காலுக்கு வேலை குறைவு, பாரம் எதுவும் இல்லை. ஓட்டத்துக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம், ஸ்க்வாட்டுக்குப் பதிலாக அல்ல. சுற்றிலும் இடம் விட்டு நில்லுங்கள்.

பழைய_பலகை பதில்:

இதைப் படித்துவிட்டு யாராவது ஸ்விட்சுக்கு அடுத்து வந்த ஸ்விட்ச் 2 வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு தகவல். ரிங் ஃபிட் அதில் ஓடும், ஆனால் புது ஜாய்-கான் 2 இந்த வளையத்தில் பொருந்தாது, பழைய ஜாய்-கான் ஜோடி வேண்டும். பழைய ஸ்விட்சை விற்கும்போது அதையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். கண்ட்ரோலரைக் கழற்ற முடியாத சின்ன ஸ்விட்சான ஸ்விட்ச் லைட் வைத்திருப்பவர்களும் ஜாய்-கானைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.