தமிழ்ச் சொற்பட்டியலை வரிசைப்படுத்த லொகேல் போதுமா, பெர்ல் வேண்டுமா?

நெடுங்குழாய்:

வேலை இதுதான். ஒரு பெரிய தமிழ் உரைக்கோப்பிலிருந்து சொற்களைப் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும், கடைசியில் அகராதி வரிசையில் பட்டியல் வேண்டும். இதற்குத் தனி நிரல் எதுவும் தேவையில்லை என்பது என் வாதம். டெபியனிலும் உபுண்டுவிலும் ஏற்கெனவே இருக்கிற கிரெப் (தேடி எடுப்பது), சார்ட் (வரிசைப்படுத்துவது), யூனிக் (அடுத்தடுத்து வரும் ஒரே வரிகளைச் சேர்த்து எண்ணுவது) மூன்றையும் பைப்பில், அதாவது ஒன்றின் வெளியீடு அடுத்ததற்குப் போகும்படி, கோத்தாலே போதும். பலருக்கு வரிசை தப்பி வருவது லொகேலை (மொழிக்கும் எழுத்து வரிசைக்குமான கணினி அமைப்பை) அமைக்காததால்தான். கருவிமேல் பழி போடக்கூடாது.

முதலில் ஆப்ட் என்ற பொதி நிறுவும் கருவி வழியாக 'லொகேல்ஸ்' பொதியை நிறுவுங்கள். ஈடிசி அடைவில் உள்ள லொகேல்.ஜென் கோப்பைத் திறந்து, டிஏ_ஐஎன் (ta_IN) என்று தொடங்கும் வரியின் முன்னால் இருக்கும் ஹாஷ் குறியை எடுத்துவிட்டு, லொகேல்-ஜென் கட்டளையை ரூட்டாக ஓட்டுங்கள். பிறகு 'லொகேல்' கட்டளையை ஏ சுவிட்சோடு கொடுத்தால் பட்டியலில் அந்தப் பெயர் தெரிய வேண்டும். அதை எல்சி_ஆல் மாறியில் வைத்தால் அமைப்பு முடிந்தது.

கிரெப்புக்கு சின்ன ஓ, பெரிய பி இரண்டையும் (-oP) கொடுத்து, யூனிகோடின் 'தமிழ்' எழுத்துத்தொகுதிப் பண்பைத் தேடுகோவையாக வைத்தால் வரிக்கு ஒரு சொல் வரும். அதை சார்ட்டுக்கும், பிறகு சி சுவிட்சோடு யூனிக்குக்கும் அனுப்புங்கள். ஒரே வரி.

மெய்ப்புள்ளி:

பிரிப்பதும் எண்ணுவதும் சரி. லொகேலை நம்பி வரிசைப்படுத்துவதை ஏற்க மாட்டேன், அதற்கு பெர்ல் என்ற நிரல்மொழிதான் என் தேர்வு. நம்புவதற்கு முன் இந்த ஆறு சொற்களை ஒரு கோப்பில் வைத்து ஓட்டிப் பாருங்கள்: அன்பு, அகம், அஜந்தா, அறம், அக்கா, அழகு.

அகராதி மரபில் வர வேண்டியது: அக்கா, அகம், அழகு, அறம், அன்பு, அஜந்தா.
சி லொகேலில் (மொழி விதி இல்லாமல் பைட் மதிப்புப்படி ஒப்பிடும் அமைப்பில்) வருவது: அகம், அக்கா, அஜந்தா, அன்பு, அறம், அழகு.

யூனிகோட் அட்டவணையில் ஜ என்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ன, ந-வின் பக்கத்திலும் ற, ர-வின் பக்கத்திலும் இருக்கின்றன. புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் வருகிறது. அதனால்தான் அழகு, அறம், அன்பு, அஜந்தா நான்கும் தலைகீழாகின்றன, அக்காவுக்கு முன்னால் அகம் வந்துவிடுகிறது.

யூனிகோடின் பொது வரிசை அட்டவணையில் மெய்களின் வரிசை சரி. ழ, ள, ற, ன, பிறகு கிரந்தம் என்றே போகும். ஆனால் அதிலும் புள்ளி கடைசிதான். தமிழுக்கென்று சேர்த்த திருத்தம் இருந்தால்தான் க் என்பது க-வுக்கு முன்னால் வரும். ஆகவே மெய்வரிசை சரியாக வந்ததைப் பார்த்து லொகேல் சரி என்று முடிவு கட்டாதீர்கள். வெளியீட்டின் முதல் இரண்டு சொற்களைப் பாருங்கள்.

இன்னொன்று. லொகேல் உருவாக்கப்படாத கணினியில் சார்ட் ஒரு எச்சரிக்கைகூடக் கொடுக்காது. சத்தமில்லாமல் பைட் வரிசைக்கு இறங்கிவிடும். சார்ட்டுக்கு 'டீபக்' என்ற நீண்ட சுவிட்சைக் கொடுத்தால் எந்த விதியில் ஓடுகிறது என்று முதல் வரியிலேயே சொல்லும். 'எளிய பைட் ஒப்பீடு' என்ற பொருளில் ஆங்கில வரி வந்தால் உங்கள் லொகேல் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

நெடுங்குழாய்:

டீபக் சுவிட்ச் நல்ல யோசனை, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் சி லொகேலுக்குப் போங்கள் என்று நீங்கள் சொன்னால் என் பைப்பின் முதல் படியே விழுந்துவிடும். சி லொகேலில் கிரெப்பின் பெரிய பி யுடிஎஃப்-8 (ஒரு தமிழ்க் குறியெண்ணைப் பல பைட்டாகப் பதியும் யூனிகோட் வடிவம்) முறைக்குப் போகாது. ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் பார்க்கும், தமிழ்ப் பண்புக்கு ஒன்றும் சிக்காது, வெளியீடு காலியாக வரும். பிழைச் செய்தியும் இருக்காது.

மெய்ப்புள்ளி:

அது உண்மை, அதனால்தான் எல்லாப் படிக்கும் ஒரே லொகேல் என்பதையே நான் எதிர்க்கிறேன். எல்சி_ஆல் மாறியை ஷெல் முழுக்க ஏற்றி வைக்காதீர்கள். ஒவ்வொரு கட்டளைக்கு முன்னாலும் தனித்தனியாக எழுதுங்கள். கிரெப்புக்கு சி.யுடிஎஃப்-8. எண்ணுவதற்கான சார்ட்டுக்கும் யூனிக்குக்கும் வெறும் சி. டெபியனில் சி.யுடிஎஃப்-8 எதையும் நிறுவாமலே இருக்கும். லொகேல்ஸ் பொதியே வேண்டாம்.

எண்ணும்போது ஒரே சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் போதும், எந்த வரிசை என்பது பொருட்டில்லை. பைட் ஒப்பீடு வேகமானது, எல்லாக் கணினியிலும் ஒரே விடை தரும். இரண்டு பட்டியல்களை காம் அல்லது ஜாயின் கட்டளை கொண்டு ஒப்பிடும்போது இது உயிர்நாடி. ஒரு கோப்பை ஒரு லொகேலில் வரிசைப்படுத்திவிட்டு வேறு லொகேலில் காம் ஓட்டினால் 'கோப்பு வரிசையில் இல்லை' என்று சொல்லும், அல்லது பொதுவான சொற்களை விட்டுவிடும்.

லொகேல் வரிசை நிலையானது என்று எண்ணுவதும் தவறு. 2018-இல் வந்த கிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) 2.28 வரிசை விதிகளை மொத்தமாக மாற்றியது. அதற்கு முன் கட்டிய போஸ்ட்கிரெஸ் தரவுத்தள இண்டெக்ஸ்களை மறுபடி கட்ட வேண்டியிருந்தது அதனால்தான். நேற்று எடுத்த பட்டியலும் ஓஎஸ் புதுப்பித்தபின் எடுத்த பட்டியலும் பொருந்தவில்லை என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

களஞ்சியம்:

இடையில் ஒரு தகவல். ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் கண்டெய்னரில் இந்த விவாதமே எழாது. அதிலுள்ள மசில் நூலகத்தில் மொழிவாரி வரிசை கிடையாது, எப்போதும் பைட் ஒப்பீடுதான். அதில் கட்டளைகளைத் தரும் பிஸிபாக்ஸின் கிரெப்புக்குப் பெரிய பி சுவிட்சும் தெரியாது. க்னூ கிரெப்பைத் தனியாக நிறுவ வேண்டும்.

எஸ்எஸ்எச் வழியாக வேறு கணினியில் வேலை செய்பவர்களுக்கும் ஒன்று. டெபியனின் இயல்பு அமைப்பில் உங்கள் கணினியின் லாங், எல்சி மாறிகள் சர்வருக்குக் கூடவே போகும். அங்கே அந்த லொகேல் இல்லையென்றால் பெர்ல் ஒவ்வொரு முறையும் 'லொகேல் அமைக்க முடியவில்லை' என்று எச்சரிக்கும், பேஷும் எச்சரிக்கும், சார்ட் மட்டும் வாய் திறக்காது.

வெண்பலகை:

இத்தனை பொறி இருக்கிற இடத்தில் ஏன் நிற்க வேண்டும்? பைத்தான் 3-இல் சரம் என்றாலே யூனிகோட். பத்து வரியில் படித்து, சொல் பிரித்து, கவுண்டரில் போட்டு, வரிசைப்படுத்திவிடலாம். லொகேலைத் தொடவே வேண்டாம்.

மெய்ப்புள்ளி:

எந்தத் தேடுகோவையால் சொல் பிரிப்பீர்கள்? பைத்தானோடு வரும் 'ஆர்ஈ' மாட்யூலில் சொல்லெழுத்தைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ என்பது உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லெழுத்தாக எடுத்துக்கொள்வதில்லை. 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள்: 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாக வரும். இகரக் குறி இருந்த இடத்தில் வெட்டு, புள்ளி காணாமல் போயிருக்கும். ஆங்கிலத்துக்கு எழுதிய கோவையைத் தமிழுக்கு அப்படியே ஓட்டினால் பட்டியல் முழுக்க இப்படித்தான் கிடக்கும்.

பைத்தானின் சார்ட்டும் குறியெண் வரிசைதான். என் ஆறு சொற்களில் சி லொகேல் தந்த அதே விடைதான் வரும்.

வெண்பலகை:

டபிள்யூ விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு 'ரெஜெக்ஸ்' என்ற வெளி மாட்யூல் இருக்கிறது, அது உயிர்க்குறிகளைச் சேர்த்தே எடுக்கும். வரிசைக்குப் பைஐசியு, அதாவது ஐசியு என்ற யூனிகோட் நூலகத்தின் பைத்தான் வடிவம். டெபியன் 12 முதல் பிப் (பைத்தான் மாட்யூல் நிறுவும் கருவி) நேரடியாக அமைப்புப் பைத்தானில் நிறுவ மறுக்கும், 'வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்' என்ற பிழை வரும். அதை வலுக்கட்டாயமாகத் தாண்டுவதற்கான சுவிட்சை யாரும் கொடுக்க வேண்டாம். ஆப்ட் நிறுவிய பொதிகளோடு மோதும். இந்த இரண்டும் ஆப்ட்டிலேயே பைத்தான்3-ரெஜெக்ஸ், பைத்தான்3-ஐசியு என்று கிடைக்கின்றன. பைஐசியுவின் கொலேட்டருக்கு (வரிசைப்படுத்தும் பகுதிக்கு)த் தமிழ் லொகேலைக் கொடுத்தால் உங்கள் ஆறு சொற்களும் சரியாக வரும். ஐசியு தன் வரிசைத் தரவைத் தானே வைத்திருப்பதால் கணினியில் லொகேல் உருவாக்கியிருக்கத் தேவையில்லை.

மெய்ப்புள்ளி:

அந்த வழி சரிதான், எதிர்ப்பு இல்லை. நான் பெர்லைச் சொல்வது பெர்லின் முழுப் பொதியோடேயே யூனிகோட்-கொலேட் என்ற வரிசைப்படுத்தும் மாட்யூலும் அதன் தமிழ்த் திருத்தமும் வந்துவிடுவதால்தான். குறைந்தபட்ச நிறுவலில் 'பெர்ல்-பேஸ்' மட்டும் இருக்கும், அதில் இது இல்லை. 'பெர்ல்' பொதியை நிறுவிக்கொள்ளுங்கள். ஓட்டும்போது பெரிய சி-யோடு எஸ், டி சேர்த்து (-CSD) கொடுங்கள், படிப்பதும் எழுதுவதும் யுடிஎஃப்-8 ஆகிவிடும், நிரலிலேயே தமிழ் எழுத்து இருந்தால் பெரிய எம் வழியாக யுடிஎஃப்8 மாட்யூலையும் ஏற்றுங்கள். பெர்லின் டபிள்யூ உயிர்க்குறி, புள்ளி இரண்டையும் சேர்த்தே பிடிக்கும்.

நெடுங்குழாய்:

பெர்லின் கொலேட் எல்லாவற்றையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. க்னூ சார்ட் கோப்பு எவ்வளவு பெரிதானாலும் துண்டு துண்டாகப் பிரித்துத் தற்காலிகக் கோப்பில் எழுதி இணைக்கும். கோடிக்கணக்கான சொற்களுக்குப் பெர்ல் எப்படித் தாங்கும்?

மெய்ப்புள்ளி:

கோடிக்கணக்கான சொற்களைப் பெர்லுக்குக் கொடுக்கவே வேண்டாம். சி லொகேலில் சார்ட்டும் யூனிக்கும் முடிந்தபிறகு மிஞ்சுவது தனிச்சொற்கள் மட்டுமே. அதற்குமேல்தான் கொலேட்.

அதுவும் நினைவகத்துக்கு மிஞ்சினால், பெர்லை வரிசைப்படுத்தச் சொல்லாமல் ஒவ்வொரு சொல்லுக்கும் வரிசைச் சாவி (பைட் கணக்கில் ஒப்பிட்டாலே தமிழ் வரிசை தரும் குறியீடு) மட்டும் எழுதச் சொல்லுங்கள். கொலேட்டின் கெட்சார்ட்கீ தரும் சாவி பைனரியாக இருக்கும், உள்ளே புதுவரிக் குறிகூட வரலாம், அதனால் பெர்லின் அன்பேக் கொண்டு பதினாறடி எண்ணாக மாற்றி, டேப், பிறகு சொல் என்று வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். அதை சி லொகேலில் சார்ட் செய்து, கட் கட்டளையில் எஃப் சுவிட்சோடு இரண்டாம் புலத்தை எடுங்கள். உங்கள் சார்ட்டின் பலமும் கிடைக்கும், தமிழ் வரிசையும் கிடைக்கும்.

ஒரு கவனம்: டெபியன் 13-இல் டெம்ப் அடைவு இயல்பாகவே ரேமில் இருக்கிறது. பெரிய சார்ட் அங்கே தற்காலிகக் கோப்பு எழுதினால் மிச்சப்படுத்த நினைத்த அதே நினைவகம்தான் நிரம்பும். பெரிய டி (-T) சுவிட்சால் வட்டில் உள்ள ஓர் அடைவைக் காட்டுங்கள்.

நெடுங்குழாய்:

இந்தச் சாவி முறையை ஏற்கிறேன். அப்படியானால் சுத்தம் செய்யும் படியையும் பேசிவிடுவோம், அங்கேதான் எண்ணிக்கை அதிகம் தப்புகிறது. உரையில் கண்ணுக்குத் தெரியாத சேராக்குறியும் (எழுத்துகள் இணையாமல் தடுப்பது) சேர்ப்பான் குறியும் (இணைப்பது) கலந்திருக்கும். எழுத்தை மாற்றவோ நீக்கவோ உதவும் டிஆர் கட்டளையில் டி (-d) கொடுத்து இரண்டையும் முதலில் நீக்கிவிடலாம்.

மெய்ப்புள்ளி:

தயவுசெய்து டிஆர் மட்டும் வேண்டாம். டெபியன் 12, 13 இரண்டிலும் அது பைட் கணக்கில்தான் வேலை செய்கிறது. சேராக்குறி மூன்று பைட்: ஈ2, 80, 8சி. டிஆர் இதை ஒரு எழுத்தாகப் பார்க்காது. கோப்பில் இந்த மூன்று பைட்டும் எங்கே தனித்தனியாகக் கண்டாலும் அழிக்கும். ஈகாரக் குறியின் பைட்டுகள் ஈ0, ஏஎஃப், 80. ஔகாரக் குறியினது ஈ0, ஏஎஃப், 8சி. ஆக 'நீ', 'தீ', 'மீன்' எல்லாம் உடையும். சேர்ப்பான் குறியின் கடைசி பைட் 8டி. புள்ளியின் கடைசி பைட்டும் 8டி. அதை டிஆரில் நீக்கினால் உரையில் ஒரு மெய்யெழுத்துகூட மிஞ்சாது.

விளைவு உடனே தெரியாது. அடுத்து ஓடும் கிரெப் உடைந்த பைட்டைப் பார்த்து 'பைனரி கோப்பு பொருந்துகிறது' என்று சொல்லிவிட்டு மீதியை விட்டுவிடும். அந்தச் செய்தியை மறைக்க ஏ சுவிட்ச் கொடுப்பது நோயை மூடி வைப்பது. யுடிஎஃப்-8 லொகேலில் செட் என்ற உரை மாற்றும் கட்டளை கொண்டு நீக்குங்கள், அது குறியெண் கணக்கில் செல்லும்.

வெண்பலகை:

சுத்தத்தில் இன்னொன்று விட்டுப்போயிற்று. 'கொ' இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கலாம்: ஒகரக் குறி ஒரே குறியெண்ணாக, அல்லது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசமே தெரியாது. யூனிக் இரண்டு சொல்லாக எண்ணும். ஐசியு-டெவ்டூல்ஸ் பொதியில் உள்ள யூகான்வ் கட்டளைக்கு எக்ஸ் சுவிட்சில் 'எனி-என்எஃப்சி' (இரண்டையும் ஒரே வடிவாக்கும் யூனிகோட் இயல்பாக்கம்) கொடுத்து எல்லாவற்றுக்கும் முன்னால் ஓட்டிவிடுங்கள்.

மெய்ப்புள்ளி:

ஆம், அது கட்டாயம். ஆனால் என்எஃப்சி தீர்க்காத ஒன்று இருக்கிறது. 'கௌரவம்' என்பதைப் பலர் க, ஒற்றைக்கொம்பு, ள என்று 'கெளரவம்' ஆகத் தட்டுகிறார்கள். அது யூனிகோடுக்கு உண்மையான ளகரம், எந்த இயல்பாக்கமும் அதைத் தொடாது. எல்லாவற்றையும் ஒரே செட்டில் மாற்றினால் 'தெளிவு', 'வெள்ளம்', 'கெளுத்தி' எல்லாம் கெட்டுப்போகும். கொம்புக்குப் பின்னால் வரும் ள-வுக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத சொற்களை மட்டும் கிரெப்பின் எதிர்மறை முன்னோக்கால் ('அடுத்து இது வராவிட்டால் மட்டும்' என்ற நிபந்தனையால்) பிரித்தெடுங்கள். பட்டியல் சின்னதாகிவிடும். அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

நெடுங்குழாய்:

எழுத்து எண்ணுவது பற்றியும் ஒரு கருத்து வேறுபாடு இருக்கிறது. எண்ணிக்கை சொல்லும் டபிள்யூசி கட்டளையில் எம் சுவிட்ச் போதும் என்று நினைக்கிறேன்.

மெய்ப்புள்ளி:

'தமிழ்' என்பது பைட்டை எண்ணும் சி சுவிட்சில் 15, எம் சுவிட்சில் 5, பள்ளிக்கூடக் கணக்கில் 3. எம் எண்ணுவது குறியெண்ணை. கிரெப்பில் சின்ன ஓ, பெரிய பி-யோடு ஒரு முழு எழுத்தைப் பிடிக்கும் பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ் கொடுத்து டபிள்யூசி-யின் எல் சுவிட்சுக்கு அனுப்பினால்தான் 3 வரும். அதிலும் க்ஷ, ஸ்ரீ இரண்டும் இரண்டிரண்டு எழுத்தாகவே எண்ணப்படும்.

ஆக் என்ற உரை அலசும் கருவியைப் பயன்படுத்துபவர்களும் கவனிக்க: டெபியனில் இயல்பாக இருப்பது மாக் என்ற அதன் ஒரு வகை, அதன் லெங்த் 15 என்று பைட்டைச் சொல்லும். ஆப்ட்டில் க்னூ ஆக் நிறுவினால் ஆக் என்ற பெயர் தானாகவே அதற்கு மாறிவிடும், யுடிஎஃப்-8 லொகேலில் 5 சொல்லும்.

நெடுங்குழாய்:

சரி. எண்ணுவதற்கு சி, பிரிப்பதற்கு சி.யுடிஎஃப்-8, காட்டுவதற்குக் கொலேட் என்று மாற்றிக்கொள்கிறேன். ஆனாலும் சில நூறு சொற்களைத் திரையில் பார்ப்பதற்கு லொகேல் சார்ட் போதும் என்ற கருத்தை விடவில்லை. அதற்கும் பெர்ல் என்றால் யாரும் செய்ய மாட்டார்கள்.

மெய்ப்புள்ளி:

அந்த ஆறு சொற்கள் தேறினால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் எல்சி_கொலேட் மாறியில் மட்டும் தமிழை வைத்துவிட்டு, ஏற்கெனவே எல்சி_ஆல் ஏறியிருப்பதை மறந்துவிடாதீர்கள். எல்சி_ஆல் இருக்கும்வரை மற்ற எல்சி மாறி எதையும் கணினி பார்க்காது; முதலில் அன்செட் செய்யுங்கள்.