மைக்ரேன் தலைவலிக்கு முன் கண்ணில் மினுங்கலும் மறைப்புமாக வரும் ஆரா வந்தவர்களே, ஸ்கேனில் என்ன தெரிந்தது?

கணக்கு டீச்சர்:
கரும்பலகையில் 47 என்று எழுதினேன். 7 தெரியவில்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன், அப்போதும் இல்லை. அப்புறம் அதே இடத்தில் பல் பல்லாக மினுங்கும் வளைவு. இங்கே இருப்பவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அரை மணி நேரத்தில் தலைவலி, வாந்தி. மறுநாள் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மனதை விட்டுப் போகாதது அந்தக் கடைசி நிமிடம்தான். ரிப்போர்ட்டை நீட்டியவர், "எல்லாம் நார்மல்மா, ஒண்ணும் இல்ல" என்றார். கட்டி கிட்டி இல்லை என்று நிம்மதிதான். ஆனால் அன்றிலிருந்து வீட்டில், "படமே எடுத்துப் பாத்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்களே" என்கிறார்கள். அப்படியென்றால் நான் பார்த்தது என்ன? மூன்று வருடமாகக் குடைகிறது.

கோபன்ஹேகன்வாசி:
நீங்கள் பார்த்தது நிஜம் டீச்சர். அது நடக்கும் நேரத்தில் படம் பிடிப்பதுதான் பெரும்பாடு. நான் இங்கே ஓர் ஆய்வுக்குப் பெயர் கொடுத்தேன். வேகமாக ஓடினால் எனக்கு ஆரா வரும் என்பதால் மூச்சு முட்ட சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். உடனே இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, முகத்துக்கு மேல் கூண்டை மாட்டி, தொடங்கினால் அமுக்கச் சொல்லிக் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். வரவே கூடாது என்று பதினைந்து வருடம் வேண்டியவன், அன்று வா வா என்று வேண்டிக்கொண்டு கிடந்தேன். வரவில்லை. நான்கு நாள் கழித்து, பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது வந்தது. அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அப்புறம்தான் படித்தேன். 2013இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், 27 பேருக்கு உடற்பயிற்சியாலும் வெளிச்சத்தாலும் தூண்டிப் பார்த்ததில் 3 பேருக்குத்தான் ஆரா வந்திருக்கிறது. பாஸ்டன் ஆய்வாளர்களுக்கு ஒருவர் கிடைத்தார். கூடைப்பந்து ஆடினால் அவருக்கு ஆரா வரும். ஆடிவிட்டு வந்து ஸ்கேனில் படுத்தார், வந்தது. 2001இல் வெளியான அந்த ஆய்வில், பின்மண்டையில் பார்வைக்கான பகுதியில் ஒரு மாற்றம் அலைபோலக் கிளம்பி, நிமிடத்துக்குச் சுமார் 3.5 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போவது தெரிகிறது. படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை எனக்கு.

ஸ்கேன் ரூம்:
டீச்சர், ரிப்போர்ட் கொடுத்தவர் மேல் வருத்தப்படாதீர்கள். பதினோரு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். சாதாரண எம்.ஆர்.ஐ. வீட்டின் சுவரைப் படம் எடுப்பது போல. உள்ளே ஒயரில் கரண்ட் ஓடியதா என்று சுவரில் தெரியாது. பாஸ்டனில் செய்தது எஃப்.எம்.ஆர்.ஐ., ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதை வைத்து மூளையின் வேலையைப் பார்ப்பது. ஒருமுறை உள்ளே இருந்த அம்மா, எங்களைக் கூப்பிடக் கையில் கொடுக்கும் ரப்பர் பல்பை அமுக்கினார். "தம்பி, கண்ணுல வெளிச்சம் வளைஞ்சு வளைஞ்சு போகுது" என்றார். அந்த நிமிடத்தில் என் திரையில் அவருடைய மூளை, சுத்தமாக, நார்மலாக. அலை அங்கேதான் போய்க்கொண்டிருந்தது, எனக்குத் தெரியவில்லை.

சரி, எல்லோருக்கும் சில விஷயங்கள். ஆரா மெல்லப் பரவும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். ஒரு பக்கம் கை கால் திடீரென்று விழுந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ 'எனக்கு வழக்கமா வர்றதுதான்' என்று படுத்துவிடாதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம், 108ஐக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஆரா உள்ள பெண்கள் கருத்தடை மாத்திரை தொடங்குமுன் டாக்டரிடம் ஆராவைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும். சிகரெட்டை இன்றைக்கே விடுங்கள். வந்த தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தப் பக்கம், எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். டாக்டருக்கு என் படத்தைவிட அந்த நோட்டு உதவும்.

வெள்ளைப் புள்ளி:
ஸ்கேன் ரூம் அண்ணா, நார்மல் என்று வந்தவர்களுக்கு இந்த ஆறுதல் சரி. என் ரிப்போர்ட்டில் வெள்ளைப் புள்ளிகள் என்று இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். திங்கள் காலை வரை நான் செத்துப் பிழைத்தேன், குழந்தையை யார் பார்ப்பார்கள் என்றுகூட யோசித்தாகிவிட்டது. டாக்டர் இரண்டே நிமிடத்தில், மைக்ரேன் உள்ளவர்களிடம் இது சகஜம், பயப்பட வேண்டாம் என்றார். கவரைக் கொடுக்கும்போதே அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாதா?

கோபன்ஹேகன்வாசி:
நோட்டில் எழுதுவதோடு வரைந்தும் பாருங்கள். 1941இல் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் தன் ஆராவைத் தானே வரைந்து, அலை மூளையில் நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் போகிறது என்று கணக்குப் போட்டார். ஸ்கேன் கிடையாது, பென்சில்தான். 1944இல் லியாவோ என்ற பிரேசில்காரர் முயலின் மூளையில் ஏறக்குறைய அதே வேகத்தில் ஓர் அலையைக் கண்டார். அறுபது வருடம் கழித்து பாஸ்டன் படத்திலும் அதே அளவு!

கணக்கு டீச்சர்:
நேற்று வந்தது. ஸ்டாஃப் ரூமில் கிராஃப் தாளை எடுத்து, நடுவில் ஒரு புள்ளி வைத்து, அதையே பார்த்தபடி நிமிடத்துக்கு ஒரு கோடு வரைந்தேன். வெளியே போகப் போகக் கோடுகளுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. அலையின் வேகம் கூடவில்லை; பார்வையின் நடுப்பகுதிக்கு மூளையில் இடம் அதிகம், ஓரத்துக்குக் குறைவு. அதனால் அதே 3 மில்லிமீட்டர் ஓரத்தில் பெரிதாகத் தெரிகிறது. பதினெட்டாவது கோடு தாளைத் தாண்டிவிட்டது. பெரிய தாள் வாங்கி வைத்திருக்கிறேன்.